அப்பத்தாவுக்கு எதுக்கு ரெண்டு ஜிபி?

உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் என் அப்பத்தாவிடம் ஒரு பட்டன் போன் உண்டு. நெட் கிடையாது. பச்சையை அமுக்கினால் பேச்சு, சிவப்பை அமுக்கினால் முடிவு. போன பொங்கலுக்கு முந்தின வாரம் நாலு நாளாக லைன் கிடைக்கவில்லை. பதறிப்போய் மதுரையிலிருந்து பஸ் ஏறினேன். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தது. "என்னன்னு தெரியலய்யா, ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்குறாய்ங்க" என்றது. போனுக்கு ஒன்றுமில்லை. வேலிடிட்டி முடிந்திருந்தது.

நம்மில் பலருக்கு இது ஒரு விஷயமே இல்லை. "199 தானே ப்ரோ, போட்டு விடுங்க" என்போம். அந்த 'தானே'யோடுதான் எனக்குச் சண்டை.

2003 மே மாதம் வரை இந்தியாவில் வந்த போனை எடுத்தாலே காசு. அதன்பிறகு இன்கமிங் இலவசமானது. சனங்கள் செல்போனைத் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொண்டார்கள். ஒரு ரிங் விட்டால் பஸ் ஏறியாச்சு, ரெண்டு ரிங் விட்டால் வந்து சேர்ந்தாச்சு. பத்து ரூபாய் டாப்-அப் மாசக்கணக்கில் கிடந்தது.

2018இல் ஏர்செல் திவாலாகிப் படுத்தது. அந்த வருடக் கடைசியில் பெரிய தனியார் நிறுவனங்கள் புது விதி கொண்டுவந்தன: 28 நாளைக்கு 35 ரூபாயாவது போட வேண்டும், இல்லாவிட்டால் முதலில் அவுட்கோயிங் போகும், பிறகு இன்கமிங்கும் போகும். சும்மா அழைப்பு வாங்குகிறவரால் வருமானமில்லை என்பது வாதம். ஆனால் அன்றைக்கு வேறு நிறுவனத்திலிருந்து வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 6 பைசா, அழைப்பை வாங்கும் நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2021 ஜனவரியில்தான் அது பூஜ்யமானது. அப்பத்தா ஓசியில் பேசவில்லை.

அந்த 35 ரூபாய், 2024 ஜூலையில் ஏர்டெல்லில் 199 ஆகிவிட்டது. கூடவே 2 ஜிபி டேட்டா. நெட்டே இல்லாத போனுக்கு!

டவருக்குச் செலவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இலவசம் கேட்கவில்லை. குறைவாகப் பேசுகிறவர் குறைவாகக் கட்டட்டும் என்கிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் 2024 டிசம்பரில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: டேட்டா இல்லாமல், பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் வேண்டும். நிறுவனங்கள் பணிந்தன, பணிந்த விதத்தைப் பாருங்கள். 2025 ஜனவரியில் ஏர்டெல் கொடுத்தது 84 நாளைக்கு 469, ஒரு வருடத்துக்கு 1849. ஒரு மாசத்துக்கு என்று சின்னதாக ஒன்றுமில்லை.

கணக்குப் போடுவோம். 28 நாளைக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்குப் பதிமூன்று ரீசார்ஜ். 199 வீதம் 2587 ரூபாய். மொத்தமாக 1849 கட்ட முடிந்தவருக்கு 738 ரூபாய் மிச்சம். அப்பத்தாவுக்கு முதியோர் பென்ஷன் மாசம் 1200. அதில் ஆறில் ஒரு பங்கு இந்த 199. மொத்தமாகக் கட்டக் காசில்லாதவர்தான் அதிகம் கட்டுகிறார். கால் கிலோ எண்ணெய் வாங்குகிறவருக்கு விலை கூடுதல் என்பது நம் மளிகைக்கடைகளில் பழைய கதை. அதற்குத்தான் இப்போது 'பிளான்' என்று பேர்.

வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. கேஸ், பேங்க், ரேஷன் கார்டு எல்லாம் அந்த நம்பரில்தான். ஓடிபி வராவிட்டால் அவர் ஆளே இல்லை.

அன்றைக்கே ஒரு ரீசார்ஜ் கடையில் வாய்ஸ் மட்டும் உள்ள பேக் கேட்டேன். "அப்படியெல்லாம் இல்லண்ணே" என்றார் தம்பி. என் போனில் ஆப்பைத் திறந்து, கீழே கீழே தள்ளிக்கொண்டுபோய்க் காட்டினேன். "அட, இது ஒண்ணு இருக்கா!" என்று உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

நாம் செய்யக்கூடியது இது. உங்கள் வீட்டுப் பட்டன் போனுக்கு என்ன பேக் ஓடுகிறது என்று இன்றைக்கே பாருங்கள். தள்ளித் தள்ளிக் கடைசியில் இருப்பதைத் தேடிப் போடுங்கள். வருட பேக்குக்கான காசை நீங்கள் கட்டுங்கள். கட்டிவிட்டு, மாதாந்திர வாய்ஸ் பேக் ஏன் இல்லை என்று சத்தமாகக் கேளுங்கள்.

நான் 1849 கட்டினேன். எவ்வளவு என்று அப்பத்தா கேட்டது. சொன்னேன். மொச்சை உரித்த கை நின்றது.

"இம்புட்டா? நான் யாருகிட்டய்யா பேசுறேன்?"