சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கும் பொழுதுபோக்கு: தப்பா, சரியா?

பொங்கல், தீபாவளி வந்தால் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் பல வீடுகளில் பூட்டு தொங்கும். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பூட்டை நாலு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். அந்த இழுப்பில் பூட்டின் தரம் தெரியாது. அது உள்ளே இருக்கிறது. அதைக் கையாலேயே உணர ஒரு வழி, சாவி இல்லாமல் திறக்கப் பழகுவது. ஜெர்மனியில் 1997-லேயே இதற்குச் சங்கம் தொடங்கிவிட்டார்கள்.

எப்படித் திறக்கிறது?

கடையில் கிடைக்கும் பித்தளைப் பூட்டுகள் பலவற்றில் நடுவே ஓர் உருளை இருக்கும். அதைச் சுழலவிடாமல் நாலைந்து பின்கள், ஸ்பிரிங் அழுத்தத்தில் குறுக்கே நிற்கும். ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டு. சரியான சாவி நுழைந்தால், துண்டுகள் பிரியும் இடம் எல்லாம் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வந்துவிடும். உடனே உருளை சுழலும்.

பழகுபவர் ஒரு கம்பியால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கம்பியால் பின்களை ஒவ்வொன்றாகத் தூக்குகிறார். துளைகள் இம்மியும் பிசகாமல் ஒரே வரிசையில் இருந்தால் இந்த வித்தை பலிக்காது. மலிவான பூட்டில் பிசகு அதிகம். அதனால்தான் அது சீக்கிரம் வாயைத் திறந்துவிடுகிறது!

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம திண்டுக்கல் பூட்டின் கதை வேறு. அதில் பின்களுக்குப் பதில் லீவர் தகடுகள். கைத்தொழிலாளி ஒவ்வொன்றாக ராவிப் பொருத்துவது. பித்தளைப் பூட்டில் பழகிய கை இங்கே புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.

திருடனுக்குக் கற்றுக்கொடுத்த மாதிரி ஆகாதா?

இந்தக் கேள்விக்கு 170 வயதுக்கு மேல் ஆகிறது. 1851-ல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், அங்கே அசைக்க முடியாதது என்று பேர் வாங்கிய சப் பூட்டைத் திறந்துகாட்டினார். அடுத்து, 200 கினி பரிசு அறிவிக்கப்பட்டிருந்த பிராமா பூட்டு. 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து அதையும் திறந்தார். ‘இதையெல்லாம் வெளியே சொல்லலாமா?’ என்று அப்போதே சண்டை. பூட்டின் குறை திருடனுக்கு ஏற்கெனவே தெரியும், வாங்குகிறவருக்குத்தான் தெரியாது என்பது ஹாப்ஸ் தரப்பு வாதம்.

அந்த வாதம் இன்றும் சரிதான். ஆளில்லா வீட்டில் புகுந்தவர்கள் பற்றிய செய்திகளில் ‘பூட்டை உடைத்து’ என்றுதான் வழக்கமாக வரும். கடப்பாரை ஒரு நிமிஷத்தில் முடிக்கிற வேலைக்கு, 20 நிமிஷம் வாசலில் குனிந்து பின் தூக்க எந்தத் திருடனுக்குப் பொறுமை?

சட்டம் என்ன சொல்கிறது?

அத்துமீறி நுழைவதற்காக வீட்டுப் பூட்டைத் திறந்தாலே, உடைக்காவிட்டாலும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 330-வது பிரிவில் வரும் ‘வீடு உடைத்தல்’ ஆகிவிடும். அதனால் பொழுதுபோக்காளர்கள் வைத்திருக்கும் இரண்டு விதிகளில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சொந்தப் பூட்டில் மட்டும் கை வைக்க வேண்டும். கதவில் தொங்கும் பூட்டில் அதையும் செய்யக் கூடாது. முதல் விதிக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, பின் நெளிந்தால் நீங்களே வெளியில் நிற்க வேண்டியிருக்கும் என்பதற்காக. கம்பிகள் வீட்டு மேஜையிலேயே இருக்கட்டும். இரவு ரோந்து போலீஸிடம் ‘சும்மா ஹாபி சார்’ என்று விளக்குவது பின் தூக்குவதைவிடக் கஷ்டம்.

பழகத் தொடங்க, உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடி மாதிரிப் பூட்டு ஒன்று போதும். அது கைவந்த பிறகு வீட்டில் சும்மா கிடக்கும் பழைய பூட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டே நிமிஷத்தில் திறந்துவிட்டால், அதே ரகப் பூட்டு வாசலில் தொங்குகிறதா என்று பார்த்து மாற்றுங்கள். கையோடு நாதாங்கியின் திருகாணிகளையும் பாருங்கள். கடப்பாரை முதலில் தேடுவது அதைத்தான். ஊருக்குப் போகும் முன் பக்கத்து ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால், ரோந்து வரும்போது உங்கள் வீட்டையும் கவனிப்பார்கள்.