காது கிழிகிறது பாலக்கரையில்! கண்ணாடி ஜன்னல் காப்பாற்றுமா?

விருத்தாசலம் பாலக்கரையில் ராத்திரி 11 மணிக்கு மேல் அரை மணி நேரம் நின்றால் போதும். காது இரண்டும் பஞ்சர்!

கடலூர் ரோடு, சேலம் ரோடு, உளுந்தூர்பேட்டை ரோடு, ஜெயங்கொண்டம் ரோடு என்று நாலா பக்கத்திலிருந்தும் வண்டிகள் ஊருக்குள் வருகின்றன. கரும்பு லாரி, சிமெண்ட் லாரி, வெளியூர் பஸ், டிராக்டர்! எதிரே ஒரு ஈ காக்கா இருக்காது. ஆனாலும் ஹாரன் அலறுகிறது. போதாக்குறைக்கு ஜங்ஷனில் ரெயில் கூவல் வேறு.

பீங்கானுக்குப் பேர் போன ஊர் இது. கரண்ட் கம்பத்துப் பீங்கான், ப்யூஸ் கட்டை, அகல் விளக்கு, கொலு பொம்மை என்று சரக்கு வெளியூர் போகிறது. சரக்கு போக லாரி வேண்டும். அதை யாரும் குறை சொல்லவில்லை. லாரி போகட்டும், தூக்கத்தையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போக வேண்டுமா?

ரொம்பவும் அடி வாங்குவது பழைய வீடுகள்தான். பழமலைநாதர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் திண்ணையும் முற்றமும் வைத்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. மாட்டு வண்டி போன காலத்தில் தெருவை ஒட்டிக் கட்டியவை. படுக்கை அறை ஜன்னலுக்கும் லாரி சக்கரத்துக்கும் நடுவே திண்ணை அகலம்தான் மிச்சம்.

"சத்தம் தாங்கலப்பா, இடிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாம்" என்ற பேச்சு இப்படிப்பட்ட வீடுகளில் அடிக்கடி எழுகிறது. அவசரப்பட வேண்டாம். சத்தத்தைத் தடுப்பது கனம். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழைய செங்கல் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி தடிமன் இருக்கும். இன்றைக்கு எழுப்புகிற அரைக்கல் சுவரைவிட அது எவ்வளவோ மேல். ஓட்டை சுவரில் இல்லை, ஜன்னலில்!

உள்ளே ஒரு ஜன்னல்

வெளிநாடுகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய ஜன்னலைத் தொடுவதே இல்லை. அறையின் உள்பக்கம், ஜன்னலை ஒட்டி இன்னொரு கண்ணாடி ஜன்னல் போட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 4 அங்குலம் இடைவெளி. 8 அங்குலம் விட முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு கண்ணாடி 4 மில்லி என்றால் மற்றது 6 மில்லி. இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் ஒரே மாதிரி அதிரும். சத்தம் சுலபமாகத் தாண்டி வந்துவிடும். அதனால்தான் இந்தக் கணக்கு.

நம்ம ஊர் அலுமினிய வேலைக் கடைக்காரர்களுக்கு இது பெரிய வித்தையே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை இறுக்கமாக உட்கார வேண்டும். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே மயிரிழை சந்து கூட இருக்கக் கூடாது. நூற்றில் ஒரு பங்கு இடம் திறந்திருந்தால்கூட, எவ்வளவு கனமான கண்ணாடி போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. தண்ணீர் புகுகிற இடமெல்லாம் சத்தமும் புகும்.

நல்ல தேக்கு ஜன்னலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒற்றைக் கண்ணாடி வைத்த தள்ளு ஜன்னல் மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். தள்ளு ஜன்னலின் ஓட்டத்திலேயே சந்து இருக்கிறது. தேக்கும் போச்சு, தூக்கமும் போச்சு!

சுவரில் வழவழ டைல்ஸ் ஒட்டினால் சத்தம் குறையும் என்று நினைப்பதும் தப்பு. பீங்கான் ஊரில் இதைச் சொன்னால் கோபம் வரலாம். ஆனாலும் உண்மை அதுதான். டைல்ஸ் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். அறைக்குள் எதிரொலி கூடும். தடித்த திரைச்சீலை, மெத்தை, துணிமணி நிறைந்த அலமாரி இவைதான் எதிரொலியைக் குறைக்கும்.

முற்றத்தை என்ன செய்வது?

இனி சிக்கலுக்கு வரலாம். லண்டன் வீட்டுக்கு முற்றம் கிடையாது. விருத்தாசலம் வீட்டுக்கு நடுவே வானம் தெரிகிறது. தெரு ஜன்னலை எத்தனை கண்ணாடி வைத்து அடைத்தாலும் சத்தம் கூரை மேல் ஏறி முற்றத்தில் குதித்துவிடும். நாட்டு ஓட்டுச் சந்திலும் வடியும்.

அடுத்தது வெயில். கத்திரியில் கடலூர் மாவட்டத்தில் ஜன்னலை இறுக மூடிக்கொண்டு யார் படுப்பது? ஜன்னலைத் திறந்தால் உள்கண்ணாடிக்கு வேலையே இல்லை. மூடினால் ஏ.சி. வேண்டும். ஏ.சி. போட்டால் கரண்ட் பில் ஷாக் அடிக்கும். ஒரு குமாஸ்தா சம்பளத்துக்கு இது கட்டுபடி ஆகுமா?

ஆகவே வீடு முழுக்க கண்ணாடி போடுவது வீண் செலவு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கோ, நோயில் கிடக்கும் பெரியவருக்கோ ஒரே ஒரு அறை என்றால் பலன் உண்டு. முற்றத்துப் பக்கக் கதவும் கனமான கதவாக இருக்க வேண்டும். அப்போதும் ஹாரன் கீச்சு நன்றாகவே குறையும். லாரி இன்ஜினின் தடதடப்பு அவ்வளவாகக் குறையாது. கண்ணாடிக் கடைக்காரர் "பின் டிராப் சைலண்ட் சார்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

யார் காசு?

லண்டன் கதையில் கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதி இருக்கிறது. ஹீத்ரூ விமான நிலையத்தைச் சுற்றியிருந்த வீடுகளுக்கு 1960-களிலேயே சத்தம் தடுக்க மானியம் கொடுத்தார்கள். ரோட்டுக்கும் சட்டம் வந்தது. 1973-ல் இங்கிலாந்து அரசு ஒரு நஷ்டஈட்டுச் சட்டம் போட்டது. அதன்கீழ் 1975-ல் விதிகள் வந்தன. புது ரோடு போட்டு, அந்த வண்டிச் சத்தம் 68 டெசிபல் அளவைத் தொட்டால், 300 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு ரோடு போட்ட துறையே உள்ஜன்னல் போட்டுத் தர வேண்டும், அல்லது பணம் தர வேண்டும். ஜன்னல் மட்டுமில்லை, மூடிய அறைக்குக் காற்று வர மின்விசிறி வைத்த காற்றுப் பெட்டியும் சேர்த்து!

சத்தம் போடுகிறவன் காசு கொடுக்கிறான். இங்கே தூக்கம் கெட்டவன் சொந்தக் காசில் கண்ணாடி வாங்குகிறான்.

விருத்தாசலத்தில் விமானம் இறங்குவதில்லை. பல்லாவரம், மீனம்பாக்கம் ஜனங்கள் படுகிற பாடு இந்த ஊருக்கு இல்லை. விமானத்தை வானத்தில் நிறுத்தி ஹாரனைக் கழற்ற முடியாது. லாரியை நிறுத்தலாமே!

சட்டம் இருக்கிறது, ஆள்?

சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். அவ்வளவுதான் அனுமதி. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே 50-ம் 40-ம். 2010-ல் அதே விதியில் இன்னொன்று சேர்த்தார்கள். அமைதிப் பகுதியில் எந்த நேரமும், குடியிருப்புப் பகுதியில் ராத்திரியிலும், அவசர ஆபத்து தவிர ஹாரனே அடிக்கக் கூடாது!

பல குரலில் பாடுகிற ஏர்ஹாரனை வண்டியில் மாட்டுவதே 1989-ம் வருஷத்து மோட்டார் வாகன விதி 119-ன்படி குற்றம். தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் 2019 திருத்தச் சட்டப்படி முதல் தடவை ரூ.1,000, மறுபடி அடித்தால் ரூ.2,000 அபராதம். உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் ஐரோப்பிய நாடுகளுக்கு எழுதிய வழிகாட்டியில், ராத்திரி ரோட்டுச் சத்தம் 45 டெசிபலுக்கு மேல் போனால் தூக்கம் கெடும் என்று சொல்லியாகிவிட்டது.

இத்தனையும் தாளில் இருக்கிறது. ரோட்டில் ஏர்ஹாரன் இருக்கிறது.

எப்போதாவது அதிரடி சோதனை நடக்கும். நாலு பஸ்ஸில் ஹாரனைக் கழற்றி வரிசையாகத் தரையில் வைத்து போட்டோ எடுப்பார்கள். மறுநாளே டிரைவர் புதுசு மாட்டிக்கொண்டு வருவார். மாட்டுவது சட்டவிரோதம் என்றால் கடையில் பகிரங்கமாகத் தொங்கவிட்டு விற்பது மட்டும் எப்படி? டிரைவரைப் பிடிக்கிற கை கடைக்காரரையும் வண்டி முதலாளியையும் பிடிக்க வேண்டாமா?

டிரைவரை மட்டும் வில்லனாக்குவதும் சரியில்லை. நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் முதலாளி திட்டுகிறார். ரோட்டோரம் ஆக்கிரமிப்பு, நடு ரோட்டில் ஆட்டோ, குறுக்கே மாடு. ஹாரன் அடிக்காமல் ஓட்ட நகராட்சியும் வழி விட வேண்டும்.

ஒலி விதி மீறல் புகாரில் நடவடிக்கை எடுக்க டி.எஸ்.பி. அந்தஸ்து அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அளவைவிட 10 டெசிபல் கூடினால் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். அளக்கிற கருவி கையில் இல்லையே என்று ஜனங்கள் தயங்க வேண்டாம்; ஏர்ஹாரனைக் கண்டுபிடிக்க கருவி எதற்கு? வண்டி நம்பரையும் நேரத்தையும் குறித்துக் கொடுத்தாலே போதும்.

அரசு ஆஸ்பத்திரி வாசலிலும் கோர்ட் வாசலிலும் அமைதிப் பகுதி போர்டு பளிச்சென்று தெரிய வேண்டும். கடலூர் ரோட்டிலும் சேலம் ரோட்டிலும் ஊர் எல்லையிலேயே லாரியை நிறுத்தி ஏர்ஹாரனைக் கழற்றட்டும். போலீசாரும் மோட்டார் வாகன ஆய்வாளரும் சேர்ந்து நிற்க வேண்டிய வேலை இது. பகல் 11 மணிக்கு இல்லை, ராத்திரி 11 மணிக்கு!

எந்த அதிகாரி முதலில் வரப் போகிறார்?