தொண்டர்க்கும் ஓய்வு வேண்டும்

பிறர் துயர் துடைப்பவர்க்குத் தம் துயர் தோன்றாது என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். சமூகப் பணியாளரைத் தியாகி என்று போற்றுகிறோம். அவர் களைத்தால் வியக்கிறோம்.

நம் மும்பை நகரில் 1936-ஆம் ஆண்டு சமூகப் பணிக்கென ஒரு கல்லூரி தோன்றிற்று. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுவே. அன்று முதல் நம் நாட்டில் இத்தொண்டு, முறையான பயிற்சி வேண்டும் தொழிலாயிற்று. தொழிலுக்குரிய இடர்களும் அதனுடன் வந்தன. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை நோயென்று கூறாமல், தொழில் சார்ந்த நிலை என்றே விளக்கியது. ஆற்றல் வற்றுதல், பணியில் மனம் ஒட்டாமை, திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள்.

ஆயினும் எல்லாப் பணியாளரும் ஒரே வகையில் சோர்வதில்லை. புற்றுநோய் மருத்துவமனையில் இருப்பவர், நேற்று தாம் தங்குமிடம் தேடிக்கொடுத்த குடும்பத்துக்கு இன்று ஆறுதல் சொல்ல நேர்கிறது. அவரை வாட்டுவது அடுக்கடுக்கான துக்கம். குழந்தைப் பாதுகாப்பில் இருப்பவரை விரட்டுவது காலம்: பாதுகாப்பின்றிக் கண்டெடுக்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்த வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். மனநலத் துறையில் இருப்பவரோ, தேறி வீடு சென்றவர் மருந்தை நிறுத்திவிட்டு மீண்டும் வரக் காண்கிறார். உழைப்பின் பயன் கண்ணுக்குப் புலப்படாமையே அவரைத் தளர்த்துகிறது.

ஆதலின் மருந்தும் ஒன்றன்று. முதலாமவர்க்கு மனம்விட்டுப் பேச அனுபவமிக்க மேலாளர் வேண்டும். இரண்டாமவர்க்கு முறை மாற்ற ஆள் வேண்டும். மூன்றாமவர்க்குச் சிறு முன்னேற்றத்தையும் வெற்றியென எண்ணும் அலுவலகம் வேண்டும். விடுப்பு மட்டும் போதாது. திரும்பி வருகையில் அதே சுமை இரட்டித்துக் காத்திருந்தால் விடுப்பால் என்ன பயன்?

இது நம் சங்கங்களுக்கும் பொருந்தும். ஊரிலிருந்து நோயாளி வந்தாலும், பள்ளியில் இடம் வேண்டினும், இங்கு இறந்தவரின் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்ப நேரினும், நள்ளிரவில் நாம் அழைப்பது பெரும்பாலும் அந்த இரண்டொருவரைத்தான். அவர்கள் மறுப்பதில்லை, அதனாலேயே நாம் நிறுத்துவதுமில்லை. ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துவதால் அக்கடன் தீராது.

வாரத்துக்கு ஒருவராய் இப்பொறுப்பை முறை வைத்து ஏற்போம். தோள் மாற்றிச் சுமந்தால் பல்லக்கு நெடுந்தூரம் செல்லும்.