குழந்தை சொல்லும் வேளை

"என் பிள்ளைகள் நால்வருக்கும் ஒரு வயது நிறைவதற்குள் எல்லாம் பழகிவிட்டது. இரண்டரை வயதாகியும் இவனுக்கு இன்னும் டயப்பரா?" பேரக் குழந்தை வளரும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. மருமகள் விடை சொல்வதில்லை. முகம் மட்டும் சற்று வாடும். கேட்ட பாட்டி பொய் சொல்லவில்லை. வாடிய மருமகளும் சோம்பல் உடையவள் அல்லள். இருவர் மனத்திலும் இருப்பவை இரு வேறு பழக்கங்கள்.

அந்நாளில் குழந்தைக்குக் கழுத்து நின்றதும், வீட்டின் மூத்தவர் முற்றத்து ஓரத்தில் கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையைத் தம் கால்களின் மேல் இருத்திக்கொண்டு, "உஸ்ஸ்" என்று மெல்ல ஒலியெழுப்புவார். உறங்கி எழுந்தவுடன் ஒருமுறை, பால் குடித்துச் சற்றுப் பொறுத்து ஒருமுறை என்று வேளை தவறாமல் இது நடக்கும். நாளடைவில் அந்த இருக்கையும் ஒலியும் குழந்தையின் உடலுக்கு ஓர் அடையாளமாகிவிடும். இம்முறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழும் டிகோ இனத் தாய்மார், குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே, நீட்டிய கால்களுக்கிடையே அதனை இருத்தி, ஏறத்தாழ இதே ஒலியுடன் பழக்குவதை 1977-இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் வெளியான ஒரு கட்டுரை விவரித்தது. ஐந்தாறு மாதங்களில் அங்கே அது கைகூடிவிடுகிறது. ஆகவே பாட்டியின் கூற்றில் மிகை ஏதும் இல்லை.

ஆனால், வேளையை அறிந்திருந்தவர் யார்? குழந்தையின் முகம் சற்றே சிவப்பதையும், ஓடி ஆடியது திடீரென்று அசையாமல் நிற்பதையும் அடுப்படியிலிருந்தே கண்டுகொண்டவர் பாட்டிதான். அவர் நான்கு நாள் வெளியூர் சென்றால் துணிகள் மீண்டும் நனையத் தொடங்கும்.

இன்று மருத்துவர்கள் எதிர்பார்ப்பது இதனினும் நீண்ட வேலை. உணர்வு தோன்றுவதைக் குழந்தை தானே அறிய வேண்டும், சிறிது அடக்கிக்கொள்ள வேண்டும், சொல்ல வேண்டும், நடந்து சென்று, காற்சட்டையை இறக்கி, அமர்ந்து, கழிக்க வேண்டும். கைக்குழந்தையின் சிறுநீர்ப்பை நிறைந்ததும் தானே சுருங்கிக் காலியாகும். மூளை அதை அறிந்து கட்டுப்படுத்துவதற்கான வளர்ச்சி ஒன்றரை வயதை ஒட்டித்தான் மெல்லத் தலைகாட்டுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன், பத்தாண்டுகளில் தாம் கவனித்த 1,170 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து 1962-இல் வெளியிட்டார். வற்புறுத்தாமல், குழந்தையின் இசைவை அறிந்து பழக்கப்பட்டவர்கள் அவர்கள். பகல் நேரக் கட்டுப்பாடு அவர்களுக்குக் கைவந்த சராசரி வயது 28.5 மாதங்கள். சராசரி என்றால் அதற்கு முன்னும் பின்னும் பலர் உண்டு; பெண் குழந்தைகள் பொதுவாகச் சற்று முந்திக்கொள்வர். அவ்வகையில் இரண்டரை வயதுப் பேரன் எவருக்கும் பின்தங்கிவிடவில்லை.

பழைய முறையை இன்று அப்படியே நடத்துவதும் எளிதன்று. மண் முற்றம் போய் வழவழப்பான தரை வந்துவிட்டது. எடுப்பார் கை பல இருந்த வீட்டில் இப்போது இருப்பவர் இருவர். அவர்களுள் ஒருவருக்கு முழங்கால் வலி. தரையில் அமர்ந்தால் எழுந்திருக்கவே துணை வேண்டும். டயப்பரோ ஈரத்தை உள்வாங்கிக் கூழாக்கிவிடுவதால், நனைந்தோம் என்பதே குழந்தைக்கு உறைப்பதில்லை. நனைந்த கோவணத்துணி அந்தப் பாடத்தை உடனே கற்பித்தது. எனவே வீட்டில் இருக்கும் நேரங்களிலாவது மெல்லிய பருத்தித் துணி உடுத்துவது நன்று. துடைக்கும் வேலை சில நாள் கூடும்.

சரியான பருவம் வந்துவிட்டதா என்று அறியப் பாட்டிக்கு இயல்பாக அமைந்த கண்ணே போதும். குழந்தைகள் இதை மூன்று படிகளில் சொல்கின்றன. முதலில், ஆன பின்பு சொல்லும்; ஈரத் துணியைப் பிடித்து இழுக்கும். அடுத்து, ஆகும்போது சொல்லும். திரைச்சீலைக்குப் பின்னாலோ கதவு மூலையிலோ போய் ஒளிந்து நிற்பதும் ஒருவகைச் சொல்தான். மூன்றாவதாக, ஆவதற்கு முன்பு சொல்லும். "உச்சா" என்றோ "ஆய்" என்றோ வீட்டில் வழங்கும் சொல் எதுவாயினும் சரி, எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். இரண்டாம் படி வந்ததும் பழக்கத் தொடங்கலாம். உடன் காண வேண்டியவை சில உண்டு: இரண்டு மணி நேரமாவது நனையாதிருத்தல், "செருப்பை எடுத்து வா" என்றால் எடுத்து வருதல், காற்சட்டையைத் தானே இறக்க முயலுதல். எந்நேரத்தில் நனைகிறது என்று நான்கு நாள்களுக்கு நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்து வைத்தால் ஒழுங்கு புலப்படும். வரவு செலவு எழுதிப் பழகிய தாத்தாக்களுக்கு இது பெரிய வேலையன்று.

கடைகளில் விற்கும் சிறு இருக்கையின் ஆங்கிலப் பெயர் நம் காதில் 'பாட்டி' என்றே விழுகிறது. பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். அதில் அமர்ந்தால் குழந்தையின் பாதங்கள் தரையில் பதியும். பெரியவர்களுக்கான மேலைநாட்டுக் கழிப்பறையில் கால்கள் தொங்குவதால் முக்கிக் கழிப்பது கடினம். விழுந்துவிடுவோம் என்ற அச்சமும் சேரும். அங்கே காலுக்கடியில் ஒரு மணைப்பலகை வைத்தால் போதும். உணவு உண்டபின் குடல் இயல்பாகவே அசையும். ஆதலால் உண்டு சற்றுப் பொறுத்து ஐந்து நிமிடம் அமர்த்தலாம். அதற்கு மேல் பிடித்து வைப்பது வீண்.

வற்புறுத்தலின் விளைவை இங்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருமுறை வலியோடு கழித்த குழந்தை, அல்லது ஏச்சு வாங்கிய குழந்தை, அடுத்த முறை அடக்கிக்கொள்ளும். அடக்க அடக்க மலம் இறுகும். இறுகியது மேலும் வலிக்கும். நுனிக்காலில் நிற்பது, கால்களைப் பின்னிக்கொள்வது, உடல் விறைப்பது ஆகியவற்றைக் கண்டு, "பாவம், முக்குகிறான்" என்று பெரியவர்கள் எண்ணுவர். அவன் பெரும்பாலும் அடக்குகிறான். அவ்வேளையில் விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பும் சோப்புத் துண்டும் வேண்டா. அவை அச்சத்தைப் பெருக்கும். பழம், கீரை, தண்ணீர் கூட வேண்டும். நாளெல்லாம் பாலே குடித்து வயிறு நிறைக்கும் குழந்தைக்குப் பாலைக் குறைக்க வேண்டும். சில வாரங்கள் பழக்குவதையே நிறுத்திவைப்பதிலும் இழுக்கில்லை. இறுக்கம் தீராவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், சிறுநீர் கழிக்கையில் அழுதாலும், நன்கு பழகிய குழந்தை பல மாதங்களுக்குப் பின் மீண்டும் நனைக்கத் தொடங்கினாலும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

கோயிலுக்கு அழைத்துச் செல்லும் நாளில் பெரியவர்களின் பதற்றம் கூடுவது உண்மை. பிராகாரத்தில் நனைத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில், "சாமி கண்ணைக் குத்தும்" என்று மிரட்டுபவர் உண்டு. தன்னை அறியாமல் நேர்ந்த ஒன்றுக்குத் தெய்வத்தின் பெயரால் பயந்த குழந்தை, கோயிலுக்குப் போகவும் தயங்கும், இருக்கையில் அமரவும் தயங்கும். புறப்படுமுன் ஒருமுறை அமர்த்துவதும், பையில் மாற்றுத் துணி எடுத்துக்கொள்வதும் மிரட்டலைவிடப் பயன் தருவன. அன்று டயப்பர் கட்டுவதாலும் பழகியது பாழாகிவிடாது.

தம்பியோ தங்கையோ பிறந்திருக்கும் வேளை, வீடு மாறும் வேளை, காய்ச்சல் கண்டு தேறும் வேளை ஆகியவற்றில் புதிதாகத் தொடங்காதிருப்பது நலம். விளையாட்டுப் பள்ளியில் சேர்க்கும் நாள் நெருங்குகிறதே என்று கடைசி இரண்டு வாரங்களில் அவசரப்படுவோர் பலர். இரண்டு மாதங்களுக்கு முன்பே அறிகுறிகளைக் கவனிக்கத் தொடங்கினால் அந்த அவசரம் நேராது.

இரவு வேறு கணக்கு. பகலில் பழகிய பின்னும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், படுக்கை நனையும். ஐந்து வயதில்கூட 100 குழந்தைகளில் ஏறத்தாழ 15 பேருக்கு இது உண்டு. அப்பனுக்கோ அம்மைக்கோ இளமையில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வருவது இயல்பு. அதை நினைவில் வைத்திருப்பவரும் பாட்டியே. மெத்தையின் மேல் ரப்பர் விரிப்பு, படுக்குமுன் ஒருமுறை கழிப்பறை, காலையில் பேச்சில்லாமல் விரிப்பை மாற்றுதல், அவ்வளவே.