முடி குறித்த முடிவு யாருடையது?

புற்றுநோய்க்கு மருந்தேற்றும் சிகிச்சை தொடங்கும் முன் பலரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி, "முடி கொட்டிவிடுமா?" என்பது. உடன் வந்தவர்கள் முந்திக்கொண்டு, "உயிரைவிட முடியா பெரிது?" என்று சொல்லிவிடுகின்றனர். அன்பினால் சொல்வதுதான்; ஆயினும் கேட்டவர் அத்துடன் வாய்மூடி விடுகிறார். முடியை எப்போது வெட்டுவது, எவ்வாறு வெட்டுவது, பின்னர்ச் சாயம் பூசுவதா என்பவற்றை நோயாளியே முடிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து.

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்ரயிலில், திருப்பதியிலோ பழநியிலோ முடியிறக்கிச் சந்தனம் பூசி வருவோரை எவரும் உற்றுப் பார்ப்பதில்லை. அது அவர்கள் விரும்பிச் செலுத்திய நேர்த்திக்கடன். நோயாளியின் முடியோ அவர் விருப்பத்தைக் கேளாமல் உதிர்கிறது. அதிலும் ஒரு பகுதியையேனும் அவரது விருப்பத்திற்கு விடலாம் அல்லவா?

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. அக்காலத்தில் பிழைப்பதே பெருங்கேள்வியாக இருந்தது. இன்று சிகிச்சை முடித்துப் பலர் மெப்ஸ் வளாகத்துக்கும் பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்குத் திரும்புகின்றனர். எந்தத் தோற்றத்துடன் திரும்புவது என்பது அவர்களுக்கு வீண் கவலையன்று.

எல்லா மருந்துகளும் முடியை உதிர்ப்பதில்லை. உதிர்க்கும் மருந்தாயின், பெரும்பாலும் 2 முதல் 3 வாரங்களில் உதிரத் தொடங்கும். விரும்புவோர் அதற்கு முன்பே குட்டையாக வெட்டிக்கொள்ளலாம். மழிக்க விரும்பினால் சவரக்கத்தி வேண்டாம்; மின்சார டிரிம்மரே நல்லது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் சிறு கீறலும் தொற்றுக்கு வழியாகும். விக்கு, முந்தானை, தொப்பி, வெறுந்தலை ஆகிய எதுவும் தவறன்று.

சிகிச்சை முடிந்து சில மாதங்களில் முடி மீண்டும் வளரும். முதலில் சுருளாகவோ நரைத்தோ வரக்கூடும். உடனே கறுப்பாக்கத் தோன்றுவது இயல்பு. ஆயினும் உச்சந்தலைத் தோல் மென்மையாக இருக்கும் என்பதால், மருத்துவரைக் கேட்ட பின்னரே சாயம் பூச வேண்டும். பொதுவாக ஆறு மாதம் பொறுக்கச் சொல்வர். கறுப்புச் சாயங்கள் பலவற்றிலும், கறுப்பு மருதாணி என விற்கப்படும் பொடிகள் சிலவற்றிலும் பாரா-ஃபினைலின்டையமின் என்னும் வேதிப்பொருள் உண்டு. அது சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். முழங்கை மடிப்பில் சிறிது தடவி, 48 மணி நேரம் பார்த்த பின் பூசுக. முகமோ கண்ணிமையோ வீங்கினால் தாமதியாது மருத்துவமனைக்கு வருக.

குடும்பத்தாருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த முறை அந்தக் கேள்வி எழும்போது பதில் சொல்ல விரையாதீர்கள். "உங்களுக்கு எப்படி வேண்டும்?" என்று கேளுங்கள். முதல் மருந்தேற்றும் நாளுக்கு முன்பே கேளுங்கள். அதன்பின் முடிவெடுக்கக் கிடைக்கும் காலம் குறைவு.