பார்க்க வந்தவரா, கும்பிட வந்தவரா?

லண்டனிலிருந்து கான்டர்பரி சுமார் 90 கிலோமீட்டர். செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தில் அதிவேக ரயிலைப் பிடித்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். விக்டோரியா நிலையத்திலிருந்து போனால் சற்றுக் கூடுதலாகும். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். எனவே லண்டனில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த தாய் தந்தையரை ஒரு விடுமுறை நாளில் அழைத்துப் போகும் ஊர்களில் இதுவும் ஒன்று. (ரயிலுக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1830 மே மாதத்திலேயே இங்கிருந்து விட்ஸ்டபிளுக்கு ரயில் விட்டார்கள். பெரும்பகுதி தூரம் கயிறு கட்டி இழுத்த ரயில்தான். சீசன் டிக்கெட் வழக்கமே 1834-ல் அந்தப் பாதையில்தான் தொடங்கியது என்பர்.)

குறுகலான கடைத்தெரு, அதையொட்டிச் செதுக்கு வேலை நிறைந்த கல் வாசல், அப்பால் வானளாவிய பேராலயம். வந்தவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். பிறகு கட்டண விவரம் எழுதிய பலகையைப் பார்க்கிறார்கள். சுற்றிப் பார்க்க வருபவர் தலைக்கு 15 பவுனுக்கு மேல் செலுத்த வேண்டும். பெரியவர்கள் நால்வர் என்றால் 60 பவுனைத் தாண்டுகிறது. எதையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்துப் பழகியவர்கள் அங்கேயே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் ஆராதனைக்கு வருபவரிடம் காசு வாங்குவதில்லை. எந்த நாட்டவர், எந்த மதத்தவர் என்ற கேள்வியும் இல்லை.

நம் பெரிய கோயில்களில் நடப்பது நேர்மாறானது. சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கியவர் சந்நிதிக்கு அருகில் போகிறார். தர்ம தரிசன வரிசையில் மணிக்கணக்கில் நின்றவர், 'நகருங்க, நகருங்க' என்ற அதட்டலுக்கு நடுவே ஒரு கணம் கைகூப்பிவிட்டு வெளியேறுகிறார். இங்கே கும்பிடக் காசு. அங்கே வேடிக்கை பார்க்கக் காசு. இரண்டில் கான்டர்பரி முறையே மேல் என்பதில் ஐயமில்லை. எனினும் அதிலும் ஒரு குறை உண்டு.

காசும் பக்தியும் அந்த இடத்துக்குப் புதியவை அல்ல. 597-ல் அகஸ்டின் ரோமிலிருந்து வந்து கிறிஸ்தவ சபையை நிறுவிய ஊர் இது. 1170 டிசம்பர் 29-ஆம் தேதி, இரண்டாம் ஹென்றி மன்னனின் வீரர்கள் நால்வர் பேராயர் தாமஸ் பெக்கெட்டைக் கோயிலுக்குள்ளேயே வெட்டிக் கொன்றனர். 1173-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். மறு ஆண்டு மன்னனே வெறுங்காலுடன் நடந்து வந்து, துறவிகளிடம் கசையடி வாங்கிப் பரிகாரம் தேடிக்கொண்டான். 1220-ல் பொன்னும் மணியும் இழைத்த சமாதி எழுந்தது. காணிக்கை குவிந்தது. யாத்ரீகர்கள் ஈயத்தில் வார்த்த சின்னங்களையும், குப்பிகளில் தீர்த்தத்தையும் வாங்கிச் சென்றார்கள். 1538-ல் எட்டாம் ஹென்றி சமாதியை இடித்துச் செல்வத்தை அள்ளிப்போனான்.

இன்று அந்த இடம் வெறும் தரை. நடுவில் ஒரே ஒரு மெழுகுவத்தி எரிகிறது. அங்கே ஏறிச் செல்லும் கற்படிகள், யாத்ரீகர்களின் காலும் முழங்காலும் பட்டுத் தேய்ந்து குழிந்திருக்கின்றன. பொன் போய்விட்டது, படியிலுள்ள பள்ளம் மட்டும் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் இன்றைக்குச் சீட்டு.

நிலவறையில் இன்னொரு கதை உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் மத அடக்குமுறைக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த பிரெஞ்சு மொழி பேசும் புராட்டஸ்டண்டுகளுக்கு, எலிசபெத் அரசியின் காலத்தில் அங்கே வழிபட இடம் கொடுத்தார்கள். அவர்களில் பலர் நெசவாளிகள். பிழைக்க வந்த ஊரில் தறி போட்டு, தம் மொழியில் ஜெபித்தார்கள். நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பிரெஞ்சு ஆராதனை அங்கே அற்றுப் போகவில்லை. ஞாயிறன்று பள்ளிக்கூட ஹாலை வாடகைக்குப் பிடித்துத் தமிழில் ஆராதனை நடத்துவோருக்கும், மார்கழி பஜனைக்கு இடம் தேடி வேற்று மாநிலத் தெருக்களில் அலைந்தோருக்கும் இதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

அப்படி அகதிக்கு இடம் கொடுத்த கோயில், இன்று ஏழைப் பார்வையாளனைத் தயங்க வைக்கலாமா? நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. அரசாங்கத்திடமிருந்து நிரந்தர மானியம் கிடையாது. கல் உதிர்கிறது, பன்னிரண்டாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிகளைக் காப்பாற்றியாக வேண்டும். ஆனால் இதே செலவுகள் உள்ள டர்ஹாம் பேராலயம் கட்டாயக் கட்டணம் வைக்காமல், காணிக்கை கேட்டு நிறுத்திக்கொள்கிறது. கான்டர்பரி அந்த அளவுக்குப் போக முடியாவிட்டாலும், வாரத்தில் ஒரு பிற்பகலையாவது வெறுமனே பார்க்க வருபவருக்கும் திறந்துவிடலாம். 'கும்பிட வந்தேன்' என்று பொய் சொல்லி நுழையும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

இன்னொன்று: பாடகர் குழு பாடும் மாலை ஆராதனை வழக்கமாக ஐந்தரை மணி வாக்கில்தான் தொடங்குகிறது. லண்டனிலிருந்து வரும் சுற்றுலா பஸ்கள் பல அதற்குள் கிளம்பிவிடுகின்றன. கட்டணமில்லாத அந்த ஒரு மணி நேரத்தில், பகல் முழுதும் காசு கொடுத்து வந்த கூட்டம் இருப்பதில்லை. பெற்றோரை அழைத்துப் போகும் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு ரயிலில் போகலாம். ஆராதனை முடிந்த பிறகும் லண்டனுக்கு ரயில் இருக்கிறது.