தேடல் அட்டவணை பெட்டகம் ஆகாது

"ஓலைகளை வாசித்துத் தட்டச்சு செய்து எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியில் ஏற்றினால் போதும், தேடவும் செய்யும், சேமிக்கவும் செய்யும். தனியே தரவுத்தளம் எதற்கு?" என்கிறார்கள். அப்படிச் செய்தால் பராமரிப்பு குறையும் என்பது மட்டும் உண்மை.

எடுத்துக்காட்டாக, அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தின் ஆவண ஓலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கவிமணி ஆராய்ந்தவை, அ.கா. பெருமாள் பதிப்பித்தவை.

1. ஆண்டு கொல்லம் கணக்கில் இருக்கும். கொல்லம் 900 என்றால் 1724-25. முதலில் அதை வெறும் எழுத்தாக ஏற்றிவிட்டீர்கள், பிறகு எண்ணாக வேண்டும். இருக்கிற புலத்தின் வகையை எலாஸ்டிக்சர்ச் மாற்றவிடாது. புது அட்டவணை போட்டு அத்தனையையும் மறுபடி ஏற்ற வேண்டும். எங்கிருந்து? ஏற்றிய ஆவணத்தின் மூலப்பிரதியை (_source) எலாஸ்டிக்சர்ச்சுக்குள்ளேயே வைத்திருந்தால் பிழைத்தீர்கள். இடம் மிச்சமென்று அதை அணைத்திருந்தால்?

2. 'ஒற்றி' (அடமானம்) என்று தேடினால் 'ஒற்றிக்கு', 'ஒற்றியாக' எல்லாம் வர வேண்டாமா? அதற்குச் சொல்பிரிப்பு விதியைத் திருத்தினாலும் மறுபடி ஏற்றத்தான் வேண்டும். தமிழில் இந்த விதி ஒருமுறையில் சரியாவதில்லை.

3. ஓலையின் வாசிப்பும் அதற்குரிய நிலப் பதிவும் சேர்ந்தே திருந்த வேண்டும். பாதியில் மின்சாரம் போனால்? போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தில் இரண்டையும் ஒரே பரிவர்த்தனையில் கட்டினால், அது இரண்டையும் முடிக்கும், இல்லையேல் இரண்டையும் கைவிடும். எலாஸ்டிக்சர்ச்சில் பல ஆவணங்களைக் கட்டும் பரிவர்த்தனையே இல்லை.

தேடல்தான் கவலையா? 2008இல் வந்த 8.3 பதிப்பிலிருந்தே போஸ்ட்கிரெஸ்ஸுக்குள் முழுவுரைத் தேடல் இருக்கிறது. போதாவிட்டால் எலாஸ்டிக்சர்ச்சைப் பக்கத்தில் வையுங்கள். அது அழிந்தாலும் தரவுத்தளத்திலிருந்து திரும்பக் கட்டலாம்.